வீடில்லாதவர் நோயாளியாக வரும்போது: தெரு முதல் டிஸ்சார்ஜ் வரை முழுமையான வழிகாட்டி

மருத்துவமனை எழுதித் தரும் ஏதாவது ஒரு சீட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வேளை மாத்திரை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய ஊசி மருந்து. காலை உயர்த்தி வைத்து இரண்டு வாரம் ஓய்வு. காயத்தில் தண்ணீர் படக்கூடாது. நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, கதவு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, நேரம் தவறினால் ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் இதில் ஒவ்வொரு வரியும் எழுதப்படுகிறது. இவை எதுவும் இல்லாதவருக்கு அதே சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துச் சீழ் பிடித்த காலோடு வரும்போது "சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்று எழுதுகிறோம். அவர் கேட்கவில்லை என்பதல்ல, அந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள அவருக்கு இடமே இல்லை.

நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளில் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வில், வீடில்லாதவர்கள் மற்ற ஏழை நோயாளிகளைவிட ஒவ்வொரு சேர்க்கைக்கும் சராசரியாக 4.1 நாள் கூடுதலாக வார்டில் தங்கியது தெரியவந்தது. நியூ ஹேவன் நகரில் 2013-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், வீடில்லாதவர்களின் சேர்க்கைகளில் பாதிக்கு மேல் 30 நாளுக்குள் மறுசேர்க்கையில் முடிந்தன. தாமதமாக வருகிறார்கள், முற்றிய நோயோடு வருகிறார்கள், நீண்ட நாள் தங்குகிறார்கள், போன வேகத்தில் திரும்பி வருகிறார்கள். இந்தச் சுற்றை எங்கெங்கே உடைக்க முடியும் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். செவிலியர், பயிற்சி டாக்டர், சமூகப் பணியாளர், தெருவில் உதவி செய்யும் தன்னார்வலர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம்

தெருவில் வாழ்பவரின் வயதை ஆவணத்தில் இருப்பதைவிடக் கூட்டியே கணக்கிடுங்கள். ஐம்பது வயதுக்காரருக்கு எழுபதைத் தாண்டியவரின் உடம்பு இருக்கும்: தடுமாறி விழுவது, மறதி, சிறுநீர் அடங்காமை, பார்வைக் குறைவு. இங்கிலாந்தின் அரசுப் புள்ளிவிவரங்களில் வீடில்லாமல் இறந்தவர்களின் சராசரி வயது நாற்பதுகளின் நடுவில்தான் இருக்கிறது. "இந்த வயதில் மாரடைப்பா?" என்ற சந்தேகத்தில் ஈசிஜி எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உடல் நோய், மனநோய், போதைப் பழக்கம் மூன்றும் பல பேரிடம் ஒன்றாகவே இருக்கும். மூன்றுக்கும் மூன்று இடம், மூன்று தேதி, மூன்று வரிசை என்று அனுப்பினால் மூன்றுக்குமே அவர் போகமாட்டார். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே நாளில் பார்க்க வழி செய்யுங்கள்.

படி 1: தெருவில் இருக்கும்போதே தொடங்குங்கள்

1985-ல் பாஸ்டன் நகரில் வீடில்லாதவர்களுக்கான மருத்துவத் திட்டம் தொடங்கியபோது, அதில் சேர்ந்த இளம் டாக்டர் ஜிம் ஓ'கானலிடம், அங்கிருந்த மூத்த செவிலியர் பார்பரா மெக்கின்னிஸ் ஸ்டெதஸ்கோப்பைப் பையில் வைக்கச் சொன்னார். ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான நீர் வைத்து, காப்பகத்துக்கு வருபவர்களின் கால்களைக் கழுவச் சொன்னார். வாரக்கணக்கில் அவர் அதைத்தான் செய்தார். எந்த டாக்டரையும் நம்பாதவர்கள்கூடக் காலை நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர் கீழே உட்கார்ந்திருக்கிறார், நோயாளி நாற்காலியில் இருக்கிறார். அந்த இட மாற்றம் ஒன்றே நிறைய வேலை செய்கிறது.

நீங்களும் அப்படியே அணுகலாம். படுத்திருப்பவரின் தலைக்கு மேல் நின்று பேசாதீர்கள். சற்றுத் தள்ளி உட்காருங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாமல் குரல் கொடுத்து எழுப்புங்கள். தெருவில் அடி வாங்கிப் பழகியவருக்குத் திடீர்த் தொடுகை தாக்குதலாகத்தான் படும். முதல் நாளே மருத்துவமனை பற்றிப் பேச வேண்டும் என்பதில்லை. காலுறை, தண்ணீர், "நாளை மறுபடி வருகிறேன்" என்ற சொல், அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது. இது போதும்.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரங்களும் இருக்கின்றன. எழுப்பியும் விழிக்காதவர், பேச்சு குழறுபவர், தலையில் அடிபட்டவர், ஃபிட்ஸ் வந்தவர், மூச்சுத் திணறுபவர், நெஞ்சு வலி என்பவர், கால் கறுத்து நாற்றம் அடிப்பவர், கடும் குளிரில் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டவர், வெயிலில் உடம்பு கொதித்துக் குழப்பமாகப் பேசுபவர். இவர்களைக் கண்டால் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். குளிரில் நடுக்கம் நிற்பது தேறிவிட்டதன் அறிகுறி இல்லை, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆம்புலன்ஸ் வரும்போது அவருடைய பையையும் கூடவே ஏற்றுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடையாள அட்டை, மாத்திரை, போன், ஒரு புகைப்படம், போர்வை எல்லாம் அதில்தான் இருக்கும். விட்டுவிட்டுப் போனால் மறுநாள் அது அங்கே இருக்காது. பை தெருவில் கிடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையின் பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு.

படி 2: அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

கூட ஒருவர் போக முடிந்தால் போங்கள். "எப்போதிலிருந்து இப்படி, நேற்று எப்படி இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது கடைசியாகக் குடித்தார்" என்ற நாலு தகவலைத் தெளிவாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தால், நோயாளிக்குக் கிடைக்கும் கவனமே மாறிவிடும்.

மருத்துவத் தரப்பில் இருப்பவர்களுக்கு: மது வாடை அடிப்பதால் "குடிபோதை" என்று எழுதி மூலையில் படுக்க வைப்பதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. மயக்கத்துக்கு மது காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், மண்டைக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம், ஃபிட்ஸ் வந்து முடிந்திருக்கலாம், நிமோனியா, கல்லீரல் கோளாறு, மூளைக்காய்ச்சல்கூட இருக்கலாம். நெடுநாள் குடிப்பவர்களுக்கு லேசான அடியிலும் மண்டைக்குள் கசிவு வரும், சில நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும். சர்க்கரை, வெப்பநிலை, ஆக்ஸிஜன் அளவு, கண்மணி, தலை முழுக்க விரலால் தடவிப் பார்ப்பது: இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும். நேரம் போகப் போக மயக்கம் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றால் அது வெறும் போதை என்று விட்டுவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான். குடி திடீரென்று நின்றால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் ஃபிட்ஸ் வரலாம், இரண்டு முதல் நாலாவது நாளில் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பம் வரலாம். காத்திருப்பு அறையில் பல மணி நேரம் உட்கார வைக்கப்பட்டவருக்கு இது அங்கேயே ஆரம்பித்துவிடும். தயமின் (வைட்டமின் பி1) சத்து கொடுக்க மறக்காதீர்கள்.

படி 3: எங்கே படுக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்

"வீடு இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கிறது" என்றே பதில் வரும். வெட்கம் ஒரு காரணம். இல்லை என்றால் சேர்க்கமாட்டார்களோ என்ற பயம் இன்னொன்று. முகவரிக் கட்டத்தில் பழைய வாடகை வீட்டையோ தூரத்து உறவினர் வீட்டையோ சொல்வார். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்? போன ஒரு மாதமாக எங்கெங்கே இருந்தீர்கள்? இங்கிருந்து போனதும் எங்கே போவீர்கள்?" தெரு, காப்பகம், வாகனம், பேருந்து நிலையம், நண்பர் வீட்டுத் திண்ணை எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் வெளியே தெரியாமல் ஒளிந்து வாழ்வது அதிகம் என்பதால், அவர்களிடம் தனியாக, தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலேயே வீடின்மைக்கென்று இசட் 59.0 என்ற குறியீடு இருக்கிறது. அதைப் பதிந்தால்தான் எத்தனை பேர் இப்படி வருகிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரியும், ஆளும் பணமும் கேட்க முடியும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். "எந்த மருந்து உங்களுக்குச் சரிவரும் என்று பார்க்கத்தான் கேட்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

படி 4: செருப்பைக் கழற்றுங்கள், தையலைப் பாருங்கள்

அவர் எதற்காக வந்திருந்தாலும் காலைப் பாருங்கள். நாள் முழுக்க நடப்பவர், உட்கார்ந்தபடியே தூங்குபவர், திருட்டுக்குப் பயந்து ராத்திரியிலும் ஷூவைக் கழற்றாதவர். ஈரமான காலுறைக்குள் பல நாள் கிடக்கும் பாதம் வெளுத்துச் சுருங்கி, மரத்துப்போய், பிறகு சிவந்து வலிக்கும். உறைபனி வேண்டியதில்லை, ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தாலே போதும். கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்த்தி, உயர்த்தி வையுங்கள். தேய்க்கக்கூடாது, நெருப்பருகே காட்டக்கூடாது. சுகர் உள்ளவருக்குச் சூடு உறைக்காது, கழுவும் நீரின் சூட்டை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்காமல் முடிக்காதீர்கள்.

அடுத்தது தோல். சிரங்கு என்றால் பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். தெருவில் இது நடக்காது. வார்டில் இருக்கும்போதே முதல் முறையை முடித்துவிடுங்கள், அல்லது ஐவர்மெக்டின் மாத்திரை பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடுப்பைச் சுடுநீரில் துவைக்க வேண்டும், முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்குக் குறையாமல் தனியாக வைக்க வேண்டும்.

உடல் பேன் வேறு வகை. அது தோலில் வசிப்பதில்லை, துணியின் தையல் மடிப்பில் வசிக்கும். அரிக்கிறது என்பவரின் தோலை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது. இடுப்புப் பட்டை, அக்குள் பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள், முட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். இந்தப் பேன் பார்டொனெல்லா என்ற கிருமியைப் பரப்பும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களைப் படுத்திய அதே காய்ச்சல் இன்றைக்கும் பெருநகரத் தெருக்களில் இருக்கிறது, இதய வால்வு வரை போய்த் தாக்குகிறது. காரணம் தெரியாத காய்ச்சலோடு தெருவில் வாழ்பவர் வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். நெரிசலான காப்பகத்தில் ஒருவரிடமிருந்து பலருக்குப் போகும். பல், கண் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பல் வலியால் சாப்பிட முடியாதவரும், கண்ணாடி உடைந்து சீட்டைப் படிக்க முடியாதவரும் இருக்கிறார்கள்.

தடுப்பூசிகளைக் கையோடு போட்டுவிடுங்கள். "அடுத்த முறை வரும்போது" என்று தள்ளிவைக்க வேண்டாம். சான் டியாகோவில் 2017-ல் ஹெபடைடிஸ் ஏ பரவி கிட்டத்தட்ட 600 பேரைப் பாதித்து 20 பேரைக் கொன்றது. வீடில்லாதவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். கழிப்பறையும் கை கழுவும் வசதியும் போதாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

படி 5: வார்டை விட்டுப் பாதியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

"டாக்டர் சொல்லியும் கேட்காமல் போய்விட்டார்" என்று பதிவதற்கு முன் ஏன் போகிறார் என்று பாருங்கள். போதைப்பொருளோ மதுவோ சிகரெட்டோ கிடைக்காத உடல் வேதனை முதல் காரணம். அதற்கு மருந்து இருக்கிறது, வந்த அன்றே கொடுக்க வேண்டும். வலி மருந்து கேட்பவர் எல்லோரும் போதைக்காகக் கேட்பதில்லை, ஓபியம் வகைப் பழக்கம் உள்ளவருக்குச் சாதாரண அளவு வலி மருந்து எடுபடாது என்பதுதான் உண்மை.

மற்றவை மருந்துச் சீட்டில் எழுத முடியாத காரணங்கள். தெருவில் விட்டுவந்த நாய்க்கு யார் சோறு வைப்பார்கள்? காப்பகத்தில் இரண்டு இரவு வராவிட்டால் அந்தப் படுக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும். உதவித்தொகை வாங்க நேரில் போக வேண்டிய தேதி. முன்பு மருத்துவமனையில் கட்டிப்போட்ட அனுபவம். பக்கத்துப் படுக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் திருப்பியது. இதில் பாதிக்கு ஒரு போன் போதும்: காப்பகத்துக்குச் சொல்லிப் படுக்கையைத் தக்கவைப்பது, நாயைப் பார்த்துக்கொள்ள ஒரு நண்பரைப் பிடிப்பது. வந்த முதல் நாள் சமூகப் பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் இங்கே இருக்கும்போது வெளியே எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லாம் வந்துவிடும்.

குளிக்கவும் துணி மாற்றவும் வசதி செய்யுங்கள். ஆனால் அவருடைய உடுப்பையும் ஷூவையும் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்கு அது அழுக்குத் துணி, அவருக்கு அது குளிரைத் தாங்கும் ஒரே சட்டை.

அப்படியும் போகிறேன் என்றால் சண்டை வேண்டாம். மாத்திரையைக் கொடுத்து, எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று அனுப்புங்கள். கதவைச் சாத்தி அனுப்பப்பட்டவர் அடுத்த முறை சாகும் நிலையில்தான் வருவார்.

படி 6: மருந்தைத் தெருவுக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள்

சிறுநீர் அதிகம் போக வைக்கும் பிரஷர் மாத்திரையைக் கழிப்பறை இல்லாதவர் எப்படிச் சாப்பிடுவார்? பகலில் நாலு கடையில் கேட்டு விரட்டப்பட்ட பிறகு அவரே நிறுத்திவிடுவார். பிரஷருக்கு வேறு வகை பொருந்துமா என்று பாருங்கள். இதயத்துக்கு அதுதான் அவசியம் என்றால், எந்த நேரத்தில் அவருக்குக் கழிப்பறை கிடைக்கும் என்று கேட்டு அந்த வேளைக்கு எழுதுங்கள். வயிற்றைக் கலக்கும் மருந்துக்கும் இதே கதைதான். குடல் எண்டோஸ்கோபிக்கு முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் கொடுத்து வெளியே அனுப்பவே கூடாது, உள்ளே சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

திடீரென்று நிறுத்தினால் பிரஷரை எகிற வைக்கும் குளோனிடின் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. பை திருடுபோவது இங்கே சாதாரணம். தூக்கம் வரவழைக்கும் மருந்து, அது மனநோய்க்கானதாக இருந்தாலும், தெருவில் ஆபத்து: ஆழ்ந்து தூங்கினால் அடிப்பார்கள், திருடுவார்கள், பெண்களுக்கு அதைவிட மோசமும் நடக்கும். நேரத்தையும் அளவையும் அவரோடு பேசி முடிவெடுங்கள்.

இன்சுலின் பற்றி: பிரித்த குப்பியை நிழலான இடத்தில் 30 டிகிரிக்கு மிகாமல் வைத்தால் பொதுவாக நாலு வாரம் தாங்கும். ஆனால் சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாதவருக்கு, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். அவருக்குச் சர்க்கரை அளவை நூல் பிடித்த மாதிரி கட்டுப்படுத்துவதைவிட, மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். நாளுக்கு ஒரு முறை மருந்து, உணவைச் சார்ந்திராத மருந்து, மாத ஊசி, காப்பகத்தில் பத்திரப்படுத்தி வேளைக்குக் கொடுக்கும் ஏற்பாடு: இவற்றை முதலில் யோசியுங்கள்.

சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, மாத்திரையையே கையில் கொடுங்கள்.

படி 7: டிஸ்சார்ஜ் வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

கடைசி நாள் மாலையில் "உங்களுக்கு வீடு எங்கே?" என்று கேட்டால் எந்தக் காப்பகத்திலும் இடம் இருக்காது. அதனால்தான் படி 3-ஐ அவ்வளவு வலியுறுத்தினேன்.

சில நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் 2017-ன் வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, 2018 அக்டோபர் முதல் மருத்துவமனைகள் நோயாளியின் சம்மதத்தோடு வீட்டுவசதித் துறைக்குத் தகவல் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் 2018-ல் வந்த சட்டம், அனுப்புவதற்கு முன் உணவு, பருவத்துக்கு ஏற்ற உடை, மருந்து, போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறது. உங்கள் ஊரில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலை வார்டுச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

லண்டனில் 2009-ல் ஒரு மருத்துவமனையில் பாத்வே என்ற குழு முறை தொடங்கியது. பொது மருத்துவர், செவிலியர், வீட்டுவசதி தெரிந்தவர், தெருவில் வாழ்ந்து மீண்ட ஒருவர் எல்லோரும் சேர்ந்து வார்டு வார்டாக வீடில்லாதவர்களைப் பார்ப்பார்கள். பிறகு இரண்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது தங்கும் நாட்கள் குறையவில்லை. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பின் தெருவில் படுத்தவர்கள் வழக்கமான முறையில் 14.6 சதவீதம், இந்தக் குழு பார்த்தவர்களில் 3.8 சதவீதம். படுக்கை நாளை மிச்சப்படுத்தாவிட்டாலும் இது செய்ய வேண்டிய வேலைதான் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லை, ஆனால் தெருவில் படுக்கும் நிலையிலும் இல்லை என்ற இடைப்பட்ட நாட்கள்தான் மிகவும் சிக்கலானவை. அறுவை சிகிச்சைத் தையல், எலும்பு முறிவு, ஆறாத புண். இதற்கென்றே ஓய்வு மையங்கள் இருக்கின்றன. பாஸ்டனில், படி 1-ல் பார்த்த செவிலியர் பார்பரா மெக்கின்னிஸின் பெயரிலேயே 104 படுக்கைகளோடு ஒன்று நடக்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஏதும் இல்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் காப்பகத்தில் பகலிலும் படுக்க அனுமதியோடு நாலு கட்டிலும், வாரம் மூன்று நாள் வந்து டிரெஸ்ஸிங் மாற்ற ஒரு செவிலியரும் கிடைத்தால் தொடங்கிவிடலாம். இரவு மட்டும் திறந்து காலையில் வெளியே அனுப்பும் காப்பகம் கால் கட்டுப் போட்டவருக்கு உதவாது. "காப்பகத்துக்கு அனுப்பினோம்" என்று எழுதுவதற்கு முன் அது பகலில் திறந்திருக்குமா, படிக்கட்டு ஏற வேண்டுமா, கீழ்த்தட்டுக் கட்டில் உண்டா என்று போனில் கேளுங்கள்.

அனுப்பும் நேரம் பகலாக இருக்கட்டும். ராத்திரியிலும் மழையிலும் வேண்டாம். வாரக் கடைசியில் அலுவலகங்கள் மூடியிருக்கும், அன்றும் தவிர்க்கப் பாருங்கள். சொன்னதைப் புரிந்துகொண்டாரா என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஓபியம் வகைப் பழக்கம் உள்ளவருக்கு, அளவு மீறினால் அதை முறிக்கும் நாலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தனுப்புங்கள். சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே எடுக்கும்போதுதான் உயிர் போகிறது.

படி 8: போன பிறகும், திரும்பி வரும்போதும்

மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டில் எழுதினால் சீட்டு நனைந்துபோகும், போன் தொலைந்துபோகும். அவர் எங்கே இருப்பார், யாரைக் கேட்டால் தெரியும், எந்த இடத்துக்கு எந்தக் கிழமை வருவார் என்று அவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிக்குப் போகும் தன்னார்வலருக்குத் தகவல் சொல்லுங்கள். நேரம் குறித்து வரச் சொல்வதைவிட, "இந்தக் கிழமை காலையில் எப்போது வந்தாலும் பார்க்கிறோம்" என்பது இவர்களுக்குச் சரிவரும்.

அடிக்கடி வருபவர்களைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் வழக்கம் எல்லா அவசரப் பிரிவிலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2002-ல் வெளியான ஆய்வில், அதில் சேர்ந்த வீடில்லாதவர்களில் சுமார் 8 சதவீதம் பேர்தான் அவர்கள் எல்லோருடைய அவசரப் பிரிவு வருகையில் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். அந்தச் சிலருக்கு ஆளுக்கொரு சிகிச்சைத் திட்டத்தை எழுதி, எந்த டூட்டி டாக்டர் வந்தாலும் பார்க்கும்படி வைத்தால், ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம். பரிவு காட்டினால் இன்னும் அதிகம் வருவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: டொரண்டோவில் 133 பேரை வைத்துச் சோதனை செய்து 1995-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் கேட்கவும் தன்னார்வலர்களை வைத்தார்கள். அவர்கள் திரும்பி வருவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இதற்கெல்லாம் மேல் இருப்பது வீடு. சிகாகோவில் நாள்பட்ட நோயுள்ள 407 பேரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலிருந்து நேராகத் தங்குமிடமும், வழிகாட்ட ஒரு சமூகப் பணியாளரும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் அவர்களுடைய மருத்துவமனைச் சேர்க்கை 29 சதவீதமும் அவசரப் பிரிவு வருகை 24 சதவீதமும் குறைந்ததாக 2009-ல் எழுதினார்கள். ஆகவே, வீட்டுவசதி விண்ணப்பத்துக்கு டாக்டர் தரும் மருத்துவச் சான்றையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைத்து எழுதுங்கள். "தங்குமிடம் தேவை" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்த நோய், வெளியே படுத்தால் அது எப்படி மோசமாகும், இதுவரை எத்தனை முறை சேர்க்கப்பட்டார், தரைத்தளம் வேண்டுமா, டயாலிசிஸுக்குப் போய்வரும் தூரத்தில் வேண்டுமா என்பதையெல்லாம் தெளிவாகக் குறிப்பிடுங்கள். பிரதி ஒன்றைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள், அவரிடம் இருப்பது தொலைந்தால் மறுபடி எடுத்துக் கொடுக்கலாம்.